ஆன்லைன் கல்வி விளையாட்டுகள்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொடக்கப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் நான்காம் வகுப்பு படிக்கும் ஒரு மகள் இருக்கிறாள். பெற்றோர் கூட்டத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிய பிறகு, வாசலருகே நின்று "மிஸ், ஒரு நிமிஷம்" என்று நாலைந்து பேர் கேட்பார்கள் அல்லவா, அந்தக் கேள்விகள்தான் இவை. பதில்களில் பாதி வகுப்பறையில் கற்றது, பாதி என் வீட்டுக் கூடத்தில் தவறு செய்து கற்றது.

எல்லா ஆப்பிலும் "கல்வி" என்று போட்டிருக்கிறார்கள். எது உண்மை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

குழந்தையிடம் கொடுப்பதற்கு முன் நீங்கள் ஐந்து நிமிடம் ஆடிப் பாருங்கள். ஸ்டார் எண்ணிக்கையும் விமர்சனங்களும் இதற்கு உதவாது.

ஆடும்போது ஒன்றைக் கவனியுங்கள். அதிலிருந்து பாடத்தை உருவிவிட்டால் விளையாட்டு அப்படியே நிற்கிறதா? ஒரு கூட்டல் கணக்கு வரும். விடை சொன்னால் இரண்டு நிமிடம் கார் ஓட்டலாம். மறுபடி ஒரு கணக்கு. இந்த மாதிரி ஆப்கள் ஏராளம். கஷாயம் குடித்தால் கல்கண்டு தருவது போலத்தான். குழந்தையின் மனம் முழுக்க காரில் இருக்கும், கணக்கு அதற்குக் கட்டும் சுங்கம். இன்னொரு வகை இருக்கிறது. எண்கோட்டில் 7இல் ஒரு தவளை உட்கார்ந்திருக்கும், 15க்குப் போக வேண்டும், எத்தனை தாவல் என்று குழந்தைதான் முடிவு செய்ய வேண்டும். கணக்கை எடுத்துவிட்டால் அங்கே விளையாட்டே கிடையாது. நமக்கு வேண்டியது இந்த வகை.

அப்புறம், வேண்டுமென்றே தப்பான விடையை அழுத்திப் பாருங்கள். "மீண்டும் முயற்சி செய்" என்பதோடு நின்றுவிடுகிறதா, இல்லை ஏன் தப்பு என்று படமாகவாவது காட்டுகிறதா? நல்ல விளையாட்டின் தரம் தப்பு செய்யும் இடத்தில்தான் தெரியும்.

இதனால் உண்மையிலேயே படிப்பு வருமா? நேராகச் சொல்லுங்கள்.

வரும். ஆனால் நாம் நினைக்கிற வழியில் தானாக வராது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு எளிய சோதனை செய்தார்கள். 2008இல் வெளியானது. வசதி குறைந்த வீடுகளைச் சேர்ந்த நாலு, ஐந்து வயதுக் குழந்தைகள். 1 முதல் 10 வரை வரிசையாகக் கட்டம் போட்ட ஒரு பலகை. ஒன்றா இரண்டா என்று சுழற்றிப் பார்த்து, காயை நகர்த்திக்கொண்டே எண்களை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம் போல. அந்தக் குழந்தைகளுக்கு எது பெரிய எண், எது எங்கே இருக்கும் என்ற புரிதல் கூடியது; ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது நிலைத்திருந்தது. எண்களுக்குப் பதில் நிறங்கள் போட்ட அதே பலகையில் ஆடிய குழந்தைகளுக்கு அந்தப் பலன் இல்லை. நம் பரமபதமும் இதே மாதிரிதான். ஆக, விளையாட்டு எளிமையாக இருந்தாலும் போதும், எதைச் சொல்லிக்கொண்டு விளையாடுகிறோம் என்பதுதான் முக்கியம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. டில்லியில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு நடத்திய மழலையர் வகுப்புகளில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2017இல் சயின்ஸ் இதழில் வந்தது. எலிசபெத் ஸ்பெல்கே, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டஃப்லோ முதலியோர் செய்தது. ஆன்லைன் விளையாட்டு அல்ல, கூடி உட்கார்ந்து ஆடும் கணக்கு விளையாட்டுகள். நாலு மாதம் ஆடினார்கள். எது அதிகம் எது குறைவு என்று பார்த்தவுடன் மதிப்பிடும் திறன், வடிவங்களைப் பிரித்தறியும் திறன் எல்லாம் நன்றாகக் கூடி, ஒரு வருடத்துக்கு மேலும் நிலைத்தன. ஆனால் பள்ளிக்கூடம் போய் எண்களும் குறிகளும் வந்தபோது அந்த முன்னிலை அங்கே தெரியவில்லை. விளையாட்டில் இருந்த கணக்கு நோட்டுக்குள் போய்ச் சேரவில்லை.

2025இல் நேச்சர் இதழில் வந்ததைப் படித்தபோது எனக்கே சுருக்கென்றது. கொல்கத்தா, டில்லி சந்தைகளில் கடையில் நிற்கும் பிள்ளைகள். இத்தனை ரூபாய்க்கு இத்தனை கிராம், மீதி எவ்வளவு என்று மனக்கணக்காகவே டக்கென்று சொல்கிறார்கள். அதே பிள்ளைகளிடம் பாடப்புத்தகத்தில் வருவது போல ஒரு வகுத்தல் கணக்கை எழுதிக் கொடுத்தால் தடுமாறுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளைச் சந்தைக் கணக்குப் போடச் சொன்னால் கதை தலைகீழ். ஓரிடத்தில் கற்றது இன்னோரிடத்துக்குத் தானாக நடந்து போவதில்லை. யாராவது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஆன்லைன் விளையாட்டுக்கும் இது பொருந்தும் என்பது என் அனுபவம். ஆப்பில் 40ஆம் லெவலில் இருக்கும் பையன் பரீட்சையில் அதே கணக்கை விட்டுவிட்டு வருவதில் மர்மம் ஒன்றும் இல்லை. அவனுக்குத் தெரிந்தது அந்த ஆப்பின் கணக்கு.

சரி, அந்தக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவதை எப்படிச் செய்வது? எனக்கு நேரமே இல்லை.

பத்து நிமிடம் போதும். ஆனால் பக்கத்தில் உட்கார வேண்டும், அடுப்படியிலிருந்து "விளையாடுறியா?" என்று குரல் கொடுப்பது கணக்கில் வராது.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது பலூன் உடைக்கும் வாய்ப்பாடு விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருந்தாள். மேலே 6 × 4 என்று வரும், கீழே நாலு பலூன், சரியான விடையை உடைக்க வேண்டும். தினமும் மூன்று ஸ்டார். எனக்கும் பெருமைதான். ஒருநாள் தோசை ஊற்றிக்கொண்டே "ஆறு நாலு எவ்வளவு?" என்று கேட்டேன். முழித்தாள். மாவுக் கரண்டியை வைத்துவிட்டுப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் மேலே இருக்கும் கணக்கைப் பார்க்கவே இல்லை. தப்பான பலூனைத் தொட்டால் அது கொஞ்சம் குலுங்கும், அவ்வளவுதான், மதிப்பெண் குறையாது. நாலையும் கடகடவென்று வரிசையாகத் தட்டினால் ஏதோ ஒன்று உடையும். நேரம் மிச்சம், மூன்று ஸ்டார். அவளுக்கு விரல் வேகம் நன்றாக வந்திருந்தது, வாய்ப்பாடு வரவில்லை.

ஆப்பை அழிக்கவில்லை. பழைய சிலேட்டு ஒன்றை எடுத்துக்கொடுத்து ஒரு விதி போட்டேன்: முதலில் சிலேட்டு, அப்புறம் பலூன். விடையை எழுதாமல் திரையைத் தொடக்கூடாது. முதல் நாள் ஒரே ஒரு ஸ்டார்தான் வந்தது, அழுகை. மூன்றாம் நாள் சிலேட்டில் 3 × 4 = 12 என்று எழுதி, பக்கத்தில் இன்னொரு 12 எழுதி, "அம்மா, ஆறு நாலுன்னா ரெண்டு மூணு நாலு" என்றாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எழுதும்போது நேரம் கிடைத்ததால் அவளுக்கே தென்பட்டது.

சாயங்காலம் கடைக்குப் போகும்போது அதே வாய்ப்பாடு பையோடு வரும். கால் கிலோ தக்காளி 10 ரூபாய், ஒன்றரை கிலோ எவ்வளவு? ஒன்றரையில் எத்தனை கால் என்று முதலில் விரல் விட்டாள். ஆறு கால், 60 ரூபாய். கடைக்காரர் சொல்வதற்கு முன் தான் சொல்லிவிட வேண்டும் என்று இப்போதெல்லாம் ஓடுகிறாள். வீட்டுக்கு வந்ததும் அதை நோட்டில் 6 × 10 = 60 என்று ஒரு வரி எழுதச் சொல்வேன். திரை, கடை, நோட்டு என்று மூன்று இடத்திலும் ஒரே கணக்கு.

வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வரும் பெற்றோரிடம் தினமும் உட்காரச் சொல்லமாட்டேன். வாரத்தில் மூன்று நாள், பத்துப் பத்து நிமிடம் என்றாலே போதும். தாத்தா பாட்டி இருந்தால் அவர்களை உட்காரவையுங்கள். "எனக்கு இது ஒண்ணும் புரியலையே, எப்படிப் பண்ணினே?" என்று அவர்கள் உண்மையாகவே கேட்பார்கள். குழந்தை விளக்கிச் சொல்லும். அதைவிட நல்ல பாடம் இல்லை.

எந்த வயதில் தொடங்கலாம்? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம்; இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் கார்ட்டூன், ரீல்ஸ் எல்லாம் அடங்கும் என்பதை மறந்துவிட்டு, "படிப்புதானே" என்று தனியாக ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்கிறோம்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு, என் கணக்கில், கல்வி விளையாட்டு ஒரு தடவைக்கு 15 அல்லது 20 நிமிடம். அதற்கு மேல் போனால் யோசிப்பது நின்று கை மட்டும் ஓடும். வாரத்தில் ஒருநாள் மொத்தமாக ஒன்றரை மணி நேரம் ஆடுவதைவிட நாலு நாள் இருபது நிமிடம் மேல். விட்டு விட்டுப் படித்தால்தான் மனதில் நிற்கும்.

ஃபோன் கொடுத்தால்தான் சாப்பிடுகிறான். அதையே படிப்பு விளையாட்டாக மாற்றிவிட்டால்?

வேண்டாம். சாப்பாடும் இறங்காது, படிப்பும் ஏறாது.

நிறுத்தச் சொன்னால் ஒரே அழுகை, கத்தல். கல்வி விளையாட்டுக்கும் அடிமையாவார்களா?

ஸ்டாரும் லெவலும் தினசரிப் பரிசும் யாரைப் பிடித்துவைக்கச் செய்யப்பட்டவையோ அவர்களைப் பிடித்துவைக்கும், பாடம் உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆனால் பாதி அழுகைக்குக் காரணம் நாம் நிறுத்தும் விதம். லெவலின் நடுவில் ஃபோனைப் பிடுங்கினால் எனக்கும்தான் கோபம் வரும். "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்பது சின்னக் குழந்தைக்குப் புரியாத அளவு. "இந்தத் தவளை கரைக்குப் போனதும் முடிக்கணும்" என்றால் புரியும். தொடங்கும்போதே எத்தனை சுற்று என்று பேசிவிடுங்கள். "இன்று ஆடாவிட்டால் உன் சங்கிலி அறுந்துவிடும்" என்று ராத்திரி ஒன்பது மணிக்கு அறிவிப்பு அனுப்பும் ஆப் இருந்தால், அறிவிப்பை அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகும் குழந்தை அந்த ஆப்பைத் தேடினால் நல்ல ஆப். மறந்தே போனால் அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

எதில் தொடங்கலாம்? பெயர் சொல்லுங்கள்.

நானே குழந்தைகளோடு பயன்படுத்தியவற்றை மட்டும் சொல்கிறேன். எல்லாமே இலவசம்.

சின்னவர்களுக்கு ஜீகாம்ப்ரி. பிரெஞ்சு மொழியில் "எனக்குப் புரிந்துவிட்டது" என்பதன் ஒலிதான் இந்தப் பெயர். 2000இல் பிரான்சில் ஒருவர் தொடங்கி, பிறகு பலர் சேர்ந்து வளர்த்த கட்டற்ற மென்பொருள். எண்ணுதல், மவுஸ் பிடித்துப் பழகுதல், தராசில் எடை வைத்துச் சமன் செய்தல் என்று நூற்றுக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன ஆட்டங்கள். விளம்பரம் இல்லை. ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் வேண்டாம். படங்கள் பழைய பாணி. பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், குழந்தைகளுக்கு அது உறைப்பதே இல்லை. கான் அகாடமி கிட்ஸ் ஆங்கிலத்தில்தான், ஆனால் பளிச்சென்று இருக்கும், விளம்பரம் இல்லை. படம் வரைய டக்ஸ் பெயிண்ட். தமிழிலேயே மெனு வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் வகுப்புக்கு மேல் என்றால் ஃபெட் என்ற இணையதளம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், கொஞ்சம் கூடுதலாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இயற்பியல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இங்கே ஸ்டார் வாங்கும் விளையாட்டுகள் குறைவு, தொட்டுப் பார்க்கும் பொம்மைகள் அதிகம். ஒன்றில் சீசா பலகை இருக்கும். ஒரு பக்கம் 10 கிலோ கல்லை நடுவிலிருந்து ஒரு மீட்டரில் வைத்தால், மறுபக்கம் 5 கிலோ கல்லை எங்கே வைப்பது? குழந்தை ஓரத்தில் வைக்கும், பலகை சாயும். நகர்த்தும், மறுபடி சாயும். இரண்டு மீட்டரில் நிற்கும். இன்னொன்றில் பேட்டரி, வயர், பல்பு. பேட்டரியின் இரண்டு முனையையும் வெறும் வயரால் இணைத்தால் திரையில் பேட்டரி தீப்பிடித்து எரியும். என் வகுப்புப் பையன்கள் பல்பை எரியவைப்பதைவிட இதைத்தான் நாலு தடவை செய்தார்கள். செய்யட்டும். வீட்டு ப்ளக் பாயின்ட்டில் செய்யக்கூடாது என்று நூறு தடவை சொன்னதைவிட அது உறைத்தது.

பத்து வயதையொட்டி ஸ்க்ராட்ச். மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2007இல் வெளியிட்டார்கள். வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று கோத்துத் தானே விளையாட்டு செய்யலாம். ஐந்து முதல் ஏழு வயதுக்கு ஸ்க்ராட்ச் ஜூனியர் தனியாக இருக்கிறது, அதில் படிக்கத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

எதை எடுத்தாலும் வகுப்பைப் பார்த்து எடுக்காதீர்கள். 2022இல் தமிழ்நாட்டில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது ஒரே வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துக் கற்பித்தோம். வீட்டிலும் அதே கணக்குதான். ஐந்தாம் வகுப்புப் பையனுக்குக் கடன் வாங்கிக் கழித்தல் தடுமாறினால் இரண்டாம் வகுப்பு ஆட்டத்திலிருந்து தொடங்குங்கள். தனியாக ஆடும்போது அவனுக்கு வெட்கமும் இருக்காது. திரையில் கற்பதன் பெரிய சௌகரியம் அதுதான்.

தமிழ்வழியில் படிக்கிறாள். எல்லாமே ஆங்கிலத்தில் இருக்கிறதே?

முதலில் பாடப்புத்தகத்தைத் திறங்கள். 2018இலிருந்து வந்த தமிழ்நாட்டுப் புதிய புத்தகங்களில் பாடத்தின் ஓரத்தில் கியூஆர் கோடு இருக்கும். கணக்குப் புத்தகத்தில் "இணையச் செயல்பாடு" என்று ஒரு பக்கமும் வரும். பெரும்பாலும் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் செய்த பயிற்சிகள். முக்கோணத்தின் முனையைப் பிடித்து இழுத்தால் கோணங்கள் மாறும், மூன்றின் கூடுதல் மட்டும் 180 டிகிரியிலேயே நிற்கும். நாங்களே வகுப்பில் நேரம் இல்லை என்று தாண்டிப் போய்விடும் பக்கம் அது, ஒப்புக்கொள்கிறேன். நம் பாடத்தையே ஒட்டி, நம் மொழியில், காசில்லாமல் கிடைப்பதை விட்டுவிட்டு வெளியே தேடுகிறோம். ஃபெட்டிலும் மேலே சொன்ன மாதிரிப் பொம்மைகள் பலவற்றைத் தமிழில் மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள்.

வாசிப்புக்கு ரீட் அலாங். கூகுள் 2019இல் போலோ என்ற பெயரில் கொண்டுவந்தது. குழந்தை சத்தமாக வாசிக்க, தியா என்ற பாத்திரம் கேட்டுக்கொண்டே வரும், தடுக்கும் சொல்லை உச்சரித்துக் காட்டும். 2022 ஜூனில் இல்லம் தேடிக் கல்வி மையங்களில் இதை வைத்து வாசிப்பு மாரத்தானே நடத்தினார்கள். கதைகள் மட்டும் வேண்டுமென்றால் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய உண்டு.

எழுத்துப் பழகும் ஆப்கள் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. 247 எழுத்தையும் வரிசையாகக் கொட்டி, ஒவ்வொன்றையும் விரலால் இழுக்கச் சொன்னால் எந்தக் குழந்தைக்கும் கொட்டாவிதான் வரும். தமிழின் அழகே 12 உயிரும் 18 மெய்யும் தெரிந்தால் 216 உயிர்மெய்யையும் தானே கட்டிக்கொள்ளலாம் என்பதுதான். 'க்' ஒரு கையில், 'ஓ' இன்னொரு கையில், சேர்த்தால் என்ன என்று கேட்கும் ஆட்டம் கிடைத்தால் எடுங்கள். கிடைக்காவிட்டால் பழைய காலண்டர் அட்டையை வெட்டி நீங்களே செய்துவிடலாம், அரை மணி நேர வேலை. ல, ள, ழ குழப்பத்துக்கு மட்டும் எந்த ஆப்பும் வேண்டாம். பாட்டியோ அப்பாவோ "பல், பள்ளம், பழம்" என்று சொல்ல, குழந்தை எந்த ல என்று கத்த வேண்டும். அவ்வளவுதான்.

வீட்டில் ஒரே ஃபோன். அவர் வேலைக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போய்விடுவார். டேட்டாவும் தினம் ஒன்றரை ஜிபிதான்.

பரணைப் பாருங்கள். அக்காவோ சித்தியோ பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசு லேப்டாப் அங்கே இருக்கலாம். 2011இல் தொடங்கிய திட்டம் அது. வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் இருந்தது. பேட்டரி போயிருக்கும், சார்ஜரைச் செருகியபடியே வைத்தால் ஓடும். ஜீகாம்ப்ரி, டக்ஸ் பெயிண்ட் எல்லாம் பழைய கணினிக்கே ஏற்றவை. நெட் சென்டரிலோ பக்கத்து வீட்டு வைஃபையிலோ ஒருமுறை இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்தால் போதும். ஃபெட் பொம்மைகளையும் தனித்தனியாக இறக்கிவைத்து இணையம் இல்லாமல் ஆடலாம்.

அண்ணன் தங்கை இருவருக்கும் ஒரே திரை என்பது குறையே இல்லை. ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர் தொட வேண்டும் என்று வைத்துவிடுங்கள். சண்டை வரும். சண்டைக்கு நடுவே "ஏன் அது தப்பு" என்று அண்ணன் விளக்குவான்.

ஃபோன் ராத்திரிதான் வரும் என்றால் பகலில் பல்லாங்குழியும் பரமபதமும் இருக்கின்றன. இவற்றிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 17இல் காய் இருக்க, மூன்று விழுந்தால் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ண விடாதீர்கள். "பதினெட்டு, பத்தொன்பது, இருபது" என்று எண்ணச் சொல்லுங்கள். மேலே சொன்ன எண் பலகை ஆய்வில் பிற்பாடு கவனித்ததும் இதுதான், இருக்கும் எண்ணிலிருந்து மேலே எண்ணினால்தான் பலன் அதிகம்.

இலவசம் என்றுதான் போட்டிருந்தது. பணம் போய்விட்டது!

எங்கள் வீட்டிலும் போயிருக்கிறது. ஏழு நாள் இலவசம் என்றது ஒரு ஆப். மூன்றாம் நாளே மகளுக்குச் சலித்துவிட்டது, நான் ஆப்பை அழித்துவிட்டேன். எட்டாம் நாள் காலை பால் வாங்கும்போது வங்கியிலிருந்து எஸ்எம்எஸ், வருடச் சந்தா எடுத்துக்கொள்ளப்பட்டது என்று. ஆப்பை அழித்தால் சந்தா ரத்தாகாது. இது எனக்கு அன்றுதான் தெரிந்தது. இலவச நாட்களைத் தொடங்கும்போதே யுபிஐ ஆட்டோபே அனுமதியையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம். ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டால் பேமென்ட், சந்தா என்று ஓரிடம் வரும், அங்கே போய் ரத்து செய்ய வேண்டும். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பட்டியலையும் ஒரு தடவை பாருங்கள். மறந்துபோனவை ஒன்றிரண்டாவது இருக்கும்.

ப்ளே ஸ்டோர் அமைப்பில் ஒவ்வொரு கொள்முதலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்துவிடுங்கள். குழந்தைக்குத் தனி ஃபோனோ டேப்போ இருந்தால் ஃபேமிலி லிங்க் போடலாம், எதை இறக்கினாலும் உங்களிடம் அனுமதி கேட்கும். விளம்பரத் தொல்லைக்கு ஒரு எளிய வழி: இணையம் தேவைப்படாத ஆட்டம் என்றால் ஏரோப்ளேன் மோடில் போட்டுக் கொடுங்கள். விளம்பரமும் வராது, நடுவில் மாமாவின் வாட்ஸாப் காலும் வராது.

குழந்தையின் பெயர், வயது, பள்ளி எல்லாம் கேட்கிறது. கொடுக்கலாமா?

வாய்ப்பாடு சொல்லித்தர ஒரு ஆப்புக்குப் பள்ளியின் பெயர் எதற்கு? புனைபெயர் போதும், போட்டோ வேண்டாம், மைக் அனுமதி வாசிப்பு ஆப்புக்கு மட்டும். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே எல்லாரையும் குழந்தை என்றே வைத்திருக்கிறது. பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது, குழந்தையின் நடவடிக்கையைக் கண்காணித்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. ஆனால் அந்த ஒப்புதலைக் கொடுக்கப்போவது நீங்கள்தான், படிக்காமல் 'சரி' என்று அழுத்தாதீர்கள்.

குகேஷ் மாதிரி வரட்டும் என்று செஸ் ஆப் போட்டிருக்கிறேன். செஸ் ஆடினால் கணக்கு நன்றாக வருமாமே?

2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனதிலிருந்து இந்தக் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. இங்கிலாந்தில் நூறு பள்ளிகளில் சோதித்துப் பார்த்தார்கள், முடிவு 2016இல் வந்தது. ஒரு வருடம் செஸ் கற்ற குழந்தைகளுக்குக் கணக்கு மதிப்பெண் அதனால் கூடவில்லை. ஆகவே செஸ்ஸைச் செஸ்ஸுக்காக ஆடட்டும். ஆடத் தெரியாத குழந்தைக்கு லிசெஸ் தளம் நல்லது. விளம்பரம், கட்டணம் எதுவும் இல்லை. அதன் பாடப் பகுதியில் எதிராளியே இருக்கமாட்டார். யானையை நகர்த்தி நட்சத்திரங்களைப் பொறுக்க வேண்டும், அதிலேயே யானை நேராகத்தான் போகும் என்பது கைக்கு வந்துவிடும். குழந்தைகளுக்கான அமைப்பை இயக்கிவிட்டால் முன்பின் தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது. அதை முதலில் செய்யுங்கள்.

எவ்வளவு ஆடினாலும் எழுத்துகள் தலைகீழாகவே வருகின்றன. வேறு ஆப் மாற்றலாமா?

ஆப் மாற்றிப் பலனில்லை. மூன்றாம் வகுப்பு முடிந்தும் வாசிப்பது பெரும்பாடாக இருந்தால் வகுப்பு ஆசிரியரிடம் பேசுங்கள், கண், காது இரண்டையும் பரிசோதியுங்கள், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கும் நிபுணரிடம் கூட்டிப்போங்கள். விளையாட்டு அதற்குப் பிறகு துணைக்கு வரலாம்.

வாங்கிக் கொடுத்த ஆட்டமெல்லாம் சலித்துவிட்டது என்கிறாள். அடுத்து என்ன இறக்குவது?

ஒன்றும் இறக்காதீர்கள். சலித்தது என்றால் அதில் கற்க வேண்டியது தீர்ந்தது என்றும் அர்த்தம் இருக்கலாம். இனி அவளையே ஒரு ஆட்டம் செய்யச் சொல்லுங்கள்.

இந்தக் கோடை விடுமுறையில் என் மகள் ஸ்க்ராட்சில் ஒன்று செய்தாள். பூனை ஒன்று வாய்ப்பாடு கேட்கும், விடையை அடித்தால் கத்தும் அல்லது குதிக்கும். மூன்று நாள் ஆயிற்று. முதல் ஆட்டக்காரி என் அம்மா. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். "ஏழு எட்டு எவ்வளவு?" என்றது பூனை. அம்மா ஒற்றை விரலால் 5, 6 என்று தேடி அடித்தார். "தவறு" என்றது பூனை. மறுபடி அடித்தார். மறுபடி தவறு. "அறுபது வருஷமா ஏழெட்டு அம்பத்தாறுடி, உன் பூனைக்குத்தான் கணக்குத் தெரியல" என்று அம்மா சத்தம் போட, "பூனை தப்பு பண்ணாது பாட்டி" என்று இவள் மல்லுக்கு நிற்க, கடைசியில் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். மகள் விடைக் கட்டத்தில் 54 என்று போட்டு வைத்திருந்தாள். சிலேட்டை எடுத்து 7 × 4 எழுதி, பக்கத்தில் இன்னொரு 28 எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் 54ஐ அழித்தாள். "இப்போ கேளு" என்றார் அம்மா.